நிறம் மாறாத எட்டுப் பாட்டில்கள்

எங்கே போனாலும் ரத்னவேலுக்குப் பெண்டாட்டியின் கன்னம்தான் விளம்பரப் பலகை. தெரிந்தவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தாகட்டும், தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோவில் பக்கம் மோர் குடிக்க நின்ற கூட்டமாகட்டும், யாராவது "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும். ஜூரோங்கில் அழகுப்பொருள் தயாரிக்கும் தொழிற்சாலையில் தான் கெமிஸ்ட் என்று ஆரம்பித்து, அனுப்ரியாவின் தோளைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்புவதில் முடிப்பான். "ரெண்டு கன்னத்துலயும் திட்டுத்திட்டா கறுப்பா மங்கு இருந்துச்சுங்க. இப்ப பாருங்க. நான் செஞ்ச சீரம்தான், வேற ஒண்ணுமே கிடையாது." எதிரே நிற்பவர் அடுத்தவன் மனைவியின் கன்னத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று தெரியாமல் தலையாட்டுவார். அனுப்ரியா சிரித்துக்கொண்டு நிற்பாள்.

அவன் செய்த சீரத்தில் ஒரு சொட்டைக்கூட அவள் பதினாலு மாதமாக முகத்தில் வைக்கவில்லை என்பது அந்தச் சிரிப்புக்குள் இருந்த சங்கதி.

ரத்னவேலைக் குறை சொல்ல முடியாது. அவன் சரக்கு சுத்தமான சரக்கு. வைட்டமின் சி முகத்துக்கு நல்லதுதான், ஆனால் சொன்ன பேச்சு கேட்காது. தண்ணீரில் கரைத்து வைத்தால் காற்றும் வெளிச்சமும் பட்டு, இந்த ஊர் வெக்கையில் ஒரே மாதத்தில் டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். வந்த பிறகு பூசுவதும் ஒன்று, பூசாமலிருப்பதும் ஒன்று. அதனால் அதை அப்படியே போடாமல் ஒரு சர்க்கரையோடு சேர்த்துக் கட்டிப் போடுவார்கள். அஸ்கார்பில் குளூக்கோசைடு என்று பெயர். கட்டு இருக்கிறவரை காற்று அதை ஒன்றும் செய்யாது. தோலுக்குள் போன பிறகு மெதுவாகக் கட்டு அவிழ்ந்து வேலையைத் தொடங்கும். மற்றவர்கள் வெளிச்சத்துக்குப் பயந்து கறுப்புப் பாட்டிலில் அடைப்பதை ரத்னவேல் உள்ளே இருப்பது தெரிகிற வெள்ளைக் கண்ணாடியில் அடைத்தான். "என் சரக்கு நெறம் மாறாது. மாறினா என் பேரை மாத்திக்கிறேன்" என்பான். எரியாது, அரிக்காது, கெட்டுப்போகாது. ஆனால் ஆறு மாதம் விடாமல் பூசினால்தான் கண்ணுக்கு ஏதாவது தெரியும்.

ஆறு மாதம் பொறுக்க அனுப்ரியாவால் முடியாமல் போனது. மூன்று வருடத்துக்கு முன் அவள் உண்டாகியிருந்தபோது கன்னத்தில் மங்கு விழுந்தது. எல்லாருக்கும் விழுவதுதான், பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றார்கள். ஏழாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. மங்கு மட்டும் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உட்லண்ட்ஸ் வாடகை வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து ரத்னவேல் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்குப் பேசத் தெரியவில்லை. போய் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டான். பல மாதம் கழித்து ஒருநாள் சின்னப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "உனக்காகத்தான் செஞ்சேன்" என்றான். அவனால் முடிந்த அழுகை அதுதான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் நிஜமாகவே அழுதாள்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் பூசினாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளை டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்திக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பான். மாற்றம் எதுவும் இருக்காது. "பரவால்ல, டைம் எடுக்கும்" என்று சொல்லும்போதே அவன் முகம் தொங்கிப்போகும். பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரி அவள் அங்கேயே நிற்பாள். ஒரு பிள்ளையை உயிரோடு பெற்றுத்தரத் துப்பில்லை, ஒரு மருந்துக்குக் கேட்கிற தோலும் இல்லை என்று தன்னையே திட்டிக்கொள்வாள். அநியாயமான திட்டுதான். ஆனால் அப்படி இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து விசாலாட்சி வந்து சேர்ந்தாள். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஐம்பத்தைந்து வயதிலும் புருவத்தை வரைந்து வைத்த மாதிரி வைத்திருப்பாள். ரத்னவேலின் சீரத்தைத் தொழிற்சாலை அவள் கடைப் பெயரில்தான் தயாரித்துக் கொடுத்தது; அவள் கடையைத் தவிர வேறெங்கும் அது கிடைக்காது. அனுப்ரியா அங்கே புருவம் திருத்தப் போவாள்.

"உன் புருஷன் நல்ல மனுஷன்மா. ஆனா அவர் செய்யறது ரொம்ப ஸ்லோ லா," என்று இந்த ஊர் 'லா' சேர்த்துச் சொன்னாள் விசாலாட்சி, புருவம் எடுக்கும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே. "எந்தக் கஸ்டமரும் ஆறு மாசம் வெயிட் பண்ணமாட்டாங்க." பிறகு அலமாரியைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். அதே வெள்ளைக் கண்ணாடி, அதே லேபிள், அடியில் தொழிற்சாலை அச்சடித்த அதே பேட்ச் எண். உள்ளே இருந்தது மட்டும் லேசான டீ நிறத்தில் இருந்தது.

"கெட்டுப்போச்சாக்கா?"

"இதுதாம்மா ஸ்ட்ராங். ஆப்பிளை வெட்டி வச்சா கறுக்குதுல்ல? சத்து இருந்தாத்தான் நெறம் மாறும். பச்சத்தண்ணி மாதிரி இருக்கறது பச்சத்தண்ணிதான்."

ஒரு கெமிஸ்டின் மனைவி அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் வைட்டமின் சி பழுப்பாகும் என்று ஊரே சொல்கிறது, யூடியூபில் எவளைக் கேட்டாலும் சொல்கிறாள். ஆகாது என்று சொன்னது ஒரே ஒரு ஆள், அவள் புருஷன். கட்டின புருஷன் சொல்வதை எந்தப் பெண்டாட்டி நம்பியிருக்கிறாள்? வாங்கி வந்துவிட்டாள்.

ஆறே வாரத்தில் மங்கு வெளுத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டியூப்லைட்டுக்குக் கீழே நின்றபோது ரத்னவேல் கிட்டே வந்தான். விரலை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டான். ஒரு முறை தொட்டு, நம்பாமல் மறுபடி தொட்டான். குழந்தை போன பிறகு அவன் விரல் அவள் முகத்தில் பட்டது அன்றைக்குத்தான். "பாத்தியா? நான் சொன்னேன்ல?" என்று அவன் குரல் உடைந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள், அந்த விரல் போய்விடுமே என்று மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை இதை நினைத்துப் பார்த்திருக்கிறாள். மறுபடியும் அந்த நிமிடம் வந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பாள்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது வேலை செய்ய வேண்டியிருந்தது. அவன் முதலில் கொடுத்த பாட்டில் காலியானதும் குழாய்த் தண்ணீரை நிரப்பிக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். தினமும் கொஞ்சம் கொட்டி அளவைக் குறைப்பாள், தீர்ந்ததும் புதுப் பாட்டில் மாதிரி மறுபடி நிரப்புவாள். பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்னவேல் அதைக் கையில் எடுத்து, "எவ்வளவு கிளியரா இருக்கு பாரு" என்று பெருமைப்படுவான். டீ நிறப் பாட்டில் அவள் புடவை அடுக்கின் அடியில் இருந்தது; தீர்ந்தால் இன்னொன்று வாங்கி வருவாள்.

அடுத்தடுத்த பாட்டில்களையும் அவனே கொண்டுவந்தான். அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். தொழிற்சாலையில் ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாட்டிலைப் பிரிக்காமல் ஓர் அலமாரியில் பூட்டி வைப்பார்கள். நாளைக்கு யாராவது குறை சொன்னால், எங்கள் கையை விட்டுப் போனபோது சரக்கு இப்படித்தான் இருந்தது என்று காட்டுவதற்கு அதுதான் சாட்சி. சாம்பிள் அலமாரி என்று பெயர், சாவி ரத்னவேலிடம். வருடக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத அலமாரி. பெண்டாட்டிக்கு மருந்து தீரும்போதெல்லாம் அதிலிருந்து ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். அடுத்த பேட்சில் இரண்டு கூடுதலாக எடுத்து வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தான், ஒவ்வொரு முறையும் மறந்தான். அவள் வாங்கி வாங்கிச் செருப்புப் பெட்டி ஒன்றில் அடுக்கி, அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. உனக்காகச் செய்தேன் என்று சொன்ன பொருளை எப்படிக் குப்பையில் போடுவது? எட்டுப் பாட்டில் சேர்ந்துவிட்டது.

டீ நிறச் சரக்கைப் பூச ஆரம்பித்த பத்தாவது மாதம் கன்னத்து எலும்பின் மேல் நீலமும் கறுப்புமாகப் புள்ளிகள் வந்தன. முதலில் மூக்குத்தி அளவு. பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து, அடுப்புச் சாம்பலை ஈரக்கையால் இழுவிவிட்ட மாதிரி ஆனது. மங்கு திரும்பிவிட்டது என்று நினைத்து அவள் இன்னும் அதிகமாகப் பூசினாள், அது இன்னும் பரவியது. கடைசியில் ரத்னவேலுக்குத் தெரியாமல் ஒரு தோல் மருத்துவரிடம் போனாள். சீனப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். என்ன போடுகிறாய் என்று கேட்டார். வைட்டமின் சி என்றாள். வைட்டமின் சி இப்படிச் செய்யாது என்றார் மருத்துவர். இது ஹைட்ரோகுயினோன், தோலை வெளுக்க வைக்கும் ரசாயனம், முகப்பூச்சில் கலக்கக்கூடாது என்று தடை இருக்கிறது, அதுவும் காற்றுப் பட்டால் பழுப்பாகும். நிறம் தோலின் அடி வரைக்கும் இறங்கிவிட்டது. லேசர் செய்தால் கொஞ்சம் மங்கலாம், போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அடுத்த முறை பாட்டிலைக் கொண்டுவா, புகார் கொடுக்க வேண்டும் என்றார்.

அனுப்ரியா அங்கே திரும்பிப் போகவில்லை. பூசுவதை நிறுத்தினாள், கறையை மறைக்கிற கன்சீலர் வாங்கினாள். தினமும் அவனுக்கு முன்னால் எழுந்து முகத்தைத் தீட்டிக்கொள்வாள். மூன்று மாதமாக ரத்னவேல் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தது அந்தக் கன்சீலரைத்தான்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று ஒரு கடிதத்தை நீட்டினான்.

"விசாலாட்சி அக்கா கடைல சீரம் வாங்கின ஒரு அம்மாவுக்கு முகம் வெந்துபோச்சாம். பாட்டிலை அதிகாரிங்க டெஸ்ட் பண்ணியிருக்காங்க. ஹைட்ரோகுயினோன் இருக்காம், அனு. என் பேட்ச் நம்பர் போட்ட பாட்டில்ல. அந்தக்கா என்னடான்னா, ஃபேக்டரி அனுப்புனத அப்படியே வித்தேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. மிச்ச ஸ்டாக் ஒண்ணுகூட இல்லயாம்."

"நீங்க கலக்கலயே. பேப்பர் எல்லாம் இருக்கும்ல?"

"பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. பாஸ் சாம்பிள் பாட்டிலைக் கேக்குறாரு." அவன் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "அலமாரி காலியா இருக்கு. நாலு பேட்ச், எட்டுப் பாட்டில். மறைக்கத்தான் எடுத்துட்டேன்னு நினைக்கிறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வேலை போனா வொர்க் பாஸும் போகும், ஒரு மாசத்துல ஊருக்குப் பெட்டி கட்டணும். கேஸ்கூட வரலாம். அதைக்கூட விடு. வெளுக்குற மருந்தைக் கலக்குறவன்னு பேரு வாங்கிட்டேனே."

பிறகு நிமிர்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான். "நான் உனக்குக் கொண்டாந்தது எதாவது பிரிக்காம மிச்சம் இருக்கா?"

அரிசி டின் இருந்தது பத்தடி தூரத்தில். பிரிக்காத எட்டை எடுத்து வைத்தால் பதினாலு மாதமும் வெளியே வந்துவிடும். "இல்லங்க. எல்லாம் தீந்துபோச்சு" என்றாள் அனுப்ரியா. அவள் நாக்கு அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

அவன் முகம் கழுவக் குளியலறைக்குப் போனான். அடுத்த நிமிடம் ஓடி வந்தான். "இது இருக்கே! இதை மறந்துட்டேனே!" கையில் தண்ணீர்ப் பாட்டில். "திறந்ததுதான், பரவால்ல. நம்பர் இருக்கு, லேபுல டெஸ்ட் பண்ணா என் ஃபார்முலா அப்படியே தெரியும். நாளைக்கு மூணு மணிக்குக் கொடுத்துடறேன்." அதை ஒரு ஜிப் பையில் போட்டு, மாதிரி 1 என்று எழுதி ஒட்டி, பூஜை அலமாரியில் கொண்டுபோய் வைத்தான். சோதனையில் குழாய்த் தண்ணீர் என்று வந்தால் அவனை ஏமாற்றுக்காரன் என்று முத்திரையே குத்திவிடுவார்கள்.

வியாழக்கிழமை காலையில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரயிலேறினாள். டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கும்வரை ஒரே வேண்டுதல்தான். விசாலாட்சி ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் போதும். தன் முகம் வெளியே வராமலே அவன் தப்பித்துவிடுவான்.

பார்லரில் வாடிக்கையாளர் யாருமில்லை. சீரம் இருந்த தட்டில் இப்போது குங்குமச்சிமிழும் வளையலும் இருந்தன. விசாலாட்சி அவளை உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, நீங்க என்ன கலந்தீங்கன்னு எனக்குத் தெரியும். அவர் வேலை போயிடும்க்கா. நீங்களே சொல்லிடுங்க."

"நான் என்ன கலந்தேன்? பாட்டில் சீல் போட்டுத்தானே வருது?"

மேசைமேல் கிடந்த ஹேர் டிரையரை அனுப்ரியா பார்த்தாள். மூடியைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் பட்டையைச் சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். அவள் பார்ப்பதை விசாலாட்சியும் பார்த்தாள். பிறகு பல்லுக்குள்ளேயே பேசினாள்.

"ஆமா, பாலம் தாண்டி பக்கத்து நாட்டுலேர்ந்து பவுடர் வரும், கலந்தேன். சும்மாவா கலந்தேன்? உன் புருஷன் சரக்கை ஒருத்தியும் ரெண்டாவது தடவ வாங்கல. எல்லாருக்கும் உடனே வெள்ளையாகணும். உனக்கும் ஆகணும்ல? நீயும்தானே கேட்டு வாங்குன?" அருகில் வந்து அனுப்ரியாவின் கன்னத்தை உற்றுப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் முகத்தைப் பார்த்த கண், கன்சீலரெல்லாம் அதற்கு எம்மாத்திரம். "ஓ. உனக்கும் வந்துருச்சா." ஒரு நொடி அவள் முகத்தில் பயமோ இரக்கமோ வந்து போனது. பிறகு அதையும் துடைத்துவிட்டாள். "போய்ச் சொல்லு லா. என் புருஷன் செஞ்சது எனக்கே பிடிக்கல, அதான் இங்க வந்து வாங்கிப் பூசினேன்னு அவர் ஆபீஸ்ல போய்ச் சொல்லு. நான் இல்லன்னு சொல்லமாட்டேன்."

அனுப்ரியா படியிறங்கினாள். கீழே மளிகைக் கடைக் கல்லாவில் முகக்கவசம் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் பஞ்சவர்ணம் என்று பெயர்ப்பட்டை. "மேலே பார்லருக்கா போயிட்டு வர்றீங்க?" என்று அவள் அனுப்ரியாவை நிறுத்தினாள். "போகாதீங்கம்மா. கம்ப்ளெயின்ட் குடுத்தது நான்தான்." கவசத்தைத் தாடைக்கு இறக்கினாள். இரண்டு கன்னமும் தோலுரிந்து, சிவந்து, ஓரங்கள் கறுத்துக் கிடந்தன. "மூணு மாசம்தான் போட்டேன். நெறம் மாறி இருந்துச்சு, அதான் ஒரிஜினல்னு சொன்னாங்க."

மூணு மாசம். அனுப்ரியா மருத்துவர் அறையிலிருந்து வந்து, பாட்டிலைப் புடவைக்கடியில் திரும்பச் சொருகியதும் மூணு மாசத்துக்கு முன்தான். அன்றைக்கே அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் இந்தப் பெண் இன்று கவசத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"நீங்க இதெல்லாம் போட்டதில்லல்ல?" என்றாள் பஞ்சவர்ணம்.

"இல்ல," என்றாள் அனுப்ரியா.

"குடுத்துவச்சவங்க. உங்க ஸ்கின் நல்லா இருக்கு."

அனுப்ரியா சாலையோரம் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூக்கடைக்காரர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. இதுவரை சொன்ன எல்லாப் பொய்யையும்விடக் கடைசியாகச் சொன்ன ஒரு வார்த்தைப் பொய்தான் அவளுக்குத் தாங்கவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

வீட்டில் ரத்னவேல் சாப்பாட்டு மேசையில் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். லீவு போட்டிருந்தும் தொழிற்சாலைச் சட்டையைத்தான் போட்டிருந்தான். மணி ஒன்று. அவள் அரிசி டின்னை நகர்த்தி, செருப்புப் பெட்டியை எடுத்துவந்து, எட்டுப் பாட்டிலையும் ஒவ்வொன்றாக அவன் முன்னால் வைத்தாள்.

ரத்னவேல் பேனாவைக் கீழே வைத்தான். பிறகு ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தான். இன்னொன்றை எடுத்தான். "அனு! எட்டும் இருக்கே! பாரு, பழசுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கிச்சன் வெக்கையில கெடந்திருக்கு. ஒரு துளி நெறம் மாறல பாரு!" அவன் கண் கலங்கிவிட்டது. ஸ்கேன் அறையில் குழந்தையின் இதயத்துடிப்பை முதன்முதலில் கேட்ட நாளுக்குப் பிறகு இப்படி ஒரு சந்தோஷத்தை அவன் முகத்தில் அவள் பார்த்ததில்லை. அது இன்னும் சில நொடி இருக்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் விரல் மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டையில் வந்து நின்றது. பிரிக்காத பட்டை. அடுத்ததைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான். எட்டிலும் அப்படியே இருந்தது.

"அப்ப நீ எதைப் போட்ட?"

புடவைக்கடியில் இருந்த பாட்டிலைக் கொண்டுவந்து ஒன்பதாவதாக வைத்தாள். அது இப்போது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. விசாலாட்சி பெயரைச் சொன்னாள், மருத்துவர் சொன்னதைச் சொன்னாள், பஞ்சவர்ணத்தைப் பற்றிச் சொன்னாள். பிறகு குளியலறைக்குப் போய், சோப்புப் போட்டு மூன்று முறை முகம் கழுவி, துடைக்காமல் வந்து அவன் முன்னால் நின்றாள். திட்டுவான், அடிக்கக்கூடச் செய்வான் என்று தயாராக இருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

அவன் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நான் செஞ்சதை ஒரு சொட்டுகூடப் போடலையா?"

"மொதல் ரெண்டு மாசம் போட்டேங்க. அப்புறம் இல்ல."

"பாத்ரூம்ல இருந்தது?"

"தண்ணி."

அவன் பூஜை அலமாரிக்குப் போய், மாதிரி 1 என்று எழுதிய பையை எடுத்து, பாட்டிலைத் திறந்து, சிங்க்கில் கவிழ்த்தான். கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, புதிதாகச் சீட்டுகள் கிழித்தான். பிரிக்காத பாட்டில்களுக்கு ஒன்றிலிருந்து எட்டுவரை எண் போட்டான். பழுப்புப் பாட்டிலுக்கு ஒன்பது. ஒவ்வொன்றையும் அடியிலிருந்த பேட்ச் எண் தெரிகிற மாதிரி படம் பிடித்தான். வேலையில் பிசகில்லை. ஒரே பேட்ச், இங்கே தண்ணீர் மாதிரி, அங்கே காப்பி மாதிரி. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு ஏச்சு வாங்குவான், ஆனால் தப்பித்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"எவ்வளவு நாள் போட்ட?" என்றான் நிமிராமல்.

"பதினோரு மாசம்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு."

"மொதல்ல எந்தக் கன்னம்?"

"இடது."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். வலிக்குதா என்று ஒரு கேள்வி கேட்பான் என்று அவள் காத்திருந்தாள். கேள்விகள் தீர்ந்துவிட்டன, அது மட்டும் வரவில்லை.

"இது போகுமாங்க?" என்று அவளே கேட்டாள்.

அவன் எழுந்து வந்தான். கோவில் வாசலிலும் பிறந்தநாள் வீட்டிலும் பிடிக்கிற அதே பிடியாக அவள் தோளைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான். இரண்டடி பின்னால் போய் போனைத் தூக்கிப் பார்த்தான். "செவுத்தோட ஒட்டி நில்லு. வெள்ளையா இருக்கு, நல்லா விழும்" என்றான். பிறகு ஞாபகம் வந்தவன் போல மேசைக்குப் போய், இன்னொரு சீட்டில் பத்து என்று எழுதிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான்.

அவள் அதை வாங்கித் தாடைக்குக் கீழே நேராகப் பிடித்துக்கொண்டாள்.